ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுக்க: சுடோ, டூஆஸ், போல்கிட்… எது எங்கே?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடையை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். மேசைக்கடியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. பில் போடும் மென்பொருள் அதில்தான் ஒரு சர்வீஸாக, அதாவது பின்னணியில் எப்போதும் ஓடும் புரோகிராமாக, ஓடுகிறது. பிரிண்டர், பேக்கப் டிஸ்க் எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கிறது. கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர், எடை போட்டு பில் அடிக்கும் பையன் ஒருவன், அப்புறம் முதலாளி. கணினியைப் பராமரிக்கிறவர் நாகர்கோவிலில் இருக்கிறார். ஷீட்டைக் கட்டிச் சுமந்து வந்தவர்கள் வாசலில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் பிரிண்டர் மக்கர் பண்ணும். உடனே போன் வரும்: "அண்ணே, அந்த ரூட் பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ரூட் என்பது கணினியில் எதையும் செய்யும் உரிமை உள்ள கணக்கு. பையன் கேட்பதில் தப்பில்லை. நாகர்கோவிலில் இருந்து தக்கலை வழியாகப் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும்; இடவப்பாதி மழையில் இன்னும் கூட. அதுவரை பில் நிற்க முடியாது. ஆகவே ஏதோ ஓர் அதிகாரத்தை அவன் கையில் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு, எந்த வழியில் என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. மார்த்தாண்டத்து டியூஷன் சென்டர், கோட்டாறில் ஓர் அச்சகம், முந்திரி ஆலையின் அலுவலகம் என்று இதே நிலைமை பல இடங்களில் உண்டு.

ரூட் பாஸ்வேர்டு இல்லாமலே குறிப்பிட்ட கட்டளையை ரூட்டாக ஓட்ட அனுமதிக்கும் கருவிகள் சுடோவும் டூஆஸும். சுடோ நல்லதா டூஆஸ் நல்லதா என்று நடக்கும் வாதத்தில் பெரும்பகுதி வெட்டிப்பேச்சு என்பது என் எண்ணம். எந்தக் கருவியை எடுத்தாலும், அதன் வழியே எந்தக் கட்டளையை அனுமதிக்கிறோம் என்பதில்தான் ஓட்டை விழுகிறது. கருவிகளுக்குள் வித்தியாசம் உண்டு, சொல்கிறேன். ஆனால் அது இரண்டாவது கேள்வி.

பாஸ்வேர்டையே சொல்லிவிடுவது

ரூட் பாஸ்வேர்டைச் சொல்லி, எஸ்யூ கட்டளையால் உள்ளே நுழையச் சொல்வது பழைய வழி. அமைக்க வேலையே இல்லை. அதைத் தவிர அதில் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. பிரிண்டரைச் சரிசெய்ய வந்தவனுக்கு மொத்தக் கணக்கையும் அழிக்கும் அதிகாரம் சேர்ந்தே கிடைக்கிறது. லாக்கில் எஸ்யூ போட்டது யார் என்பது மட்டும் பதியும். அதற்கப்புறம் செய்ததெல்லாம் ரூட் செய்ததாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை, திரும்ப வாங்குவது. நம் குமரி மாவட்டத்தில் கடைப் பையனுக்கு விசா வந்துவிட்டால் அடுத்த மாதம் அவன் மஸ்கட்டிலோ துபாயிலோ இருப்பான். பாஸ்வேர்டும் அவனோடு விமானம் ஏறிவிடும். அதை மாற்ற வேண்டும், மாற்றியதை அக்காவுக்கும் முதலாளிக்கும் சொல்ல வேண்டும், அவர்கள் அதை காலண்டரின் பின்பக்கம் எழுதி வைப்பார்கள். ஆக, ஒவ்வொரு வழியையும் அளக்கும்போது கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று மட்டும் பார்க்கக்கூடாது. எவ்வளவு குறுக்கலாம், யார் செய்தது என்று தெரியுமா, ஆள் மாறும்போது எப்படிப் பறிப்பது, இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

அதிகாரமே வேண்டாத வழிகள்

முதலில் பையனுக்கு உண்மையில் என்ன வேலை என்று எழுதிப் பார்ப்போம். நின்றுபோன பிரிண்டரை மறுபடி ஓடவிடுவது. பேக்கப் டிஸ்க்கை மாட்டிக் கழற்றுவது. ஏன் நின்றது என்று லாக் பார்த்து போனில் சொல்வது. கரண்ட் போய் யுபிஎஸ் கூவும்போது முறையாக அணைப்பது. பில் சர்வீஸ் உறைந்தால் ரீஸ்டார்ட் செய்வது. இவ்வளவுதான். புது மென்பொருள் நிறுவுவது இதில் இல்லை, இருக்கவும் கூடாது. ஏனென்றால் டெப் பொதி ஒன்றை நிறுவும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட்டாகவே ஓடுகின்றன. எதை வேண்டுமானாலும் நிறுவலாம் என்பவன் எதை வேண்டுமானாலும் செய்யலாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை தானாக நிறுவிக்கொள்ளும்படி டெபியனிலேயே அமைத்துவிடலாம். அதற்கு ஆள் தேவையில்லை.

இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலானவை சுடோ பக்கமே வராமல் கரைந்துவிடும்.

டெபியனிலும் அதன் வழி வந்த உபுண்டுவிலும் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ், எல்பிஅட்மின் என்ற குழுவில் இருப்பவர்களை பிரிண்டர் நிர்வாகிகளாக ஏற்றுக்கொள்கிறது. பையனை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும்: வரிசையில் சிக்கியதை ரத்து செய்யலாம், நின்ற பிரிண்டரை மறுபடி ஓடவிடலாம். இன்னும் ஒரு படி மேலே போகலாம். பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவிடு என்று கப்ஸின் கொள்கை அமைந்திருக்கலாம். அதை அந்த வேலையை மட்டும் மறுபடி முயற்சி செய் என்று மாற்றிவிட்டால், பாதி போன் அழைப்புகள் வராது. அதிகாரம் கொடுக்கும் முன் அந்த அதிகாரத்துக்கான தேவையையே குறைக்க முடியுமா என்று பார்ப்பது எப்போதும் லாபம்.

பேக்கப் டிஸ்க்குக்கு, எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியில் யூசர்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் யாரும் மவுண்ட் செய்யலாம், யாரும் கழற்றலாம். யூசர் என்று ஒருமையில் போட்டால் மாட்டியவரே கழற்ற வேண்டும். அக்கா மாட்டியதைப் பையனால் கழற்ற முடியாது. இரண்டிலுமே அந்த டிஸ்க்கில் இருந்து புரோகிராம் ஓட்டுவதும், யார் ஓட்டினாலும் புரோகிராமை அதன் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் செட்யூஐடி பிட்டும் தானாகவே தடுக்கப்படும், நல்ல விஷயம். லாக் பார்க்க ஏடிஎம் குழு அல்லது சிஸ்டம்டி-ஜர்னல் குழு. கணினியின் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்தவர் அதை அணைக்க ஏற்கெனவே அனுமதி உண்டு. தூரத்திலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வழியாகவோ வேறு விதமாகவோ இன்னொருவரும் உள்ளே இருந்தால்தான் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும்.

குழு என்ற வழி பார்க்கச் சாதுவாக இருக்கும். எல்லாக் குழுவும் சாது இல்லை. டிஸ்க் என்ற குழுவில் சேர்ந்தவர் ஹார்டு டிஸ்க்கை நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். அதற்கும் ரூட்டுக்கும் வித்தியாசம் பெயரளவில்தான். மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரின் குழுவும் அப்படியே. மொத்த கோப்பு அமைப்பையும் ஒரு கண்டெய்னருக்குள் மாட்டிக்கொண்டு உள்ளே ரூட்டாக உட்காரலாம் என்பதை டாக்கரின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. ஆனாலும் பில் மென்பொருளை டாக்கரில் ஓட்டிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யத்தானே என்று கடைப் பையனை அந்தக் குழுவில் சேர்ப்பவர்கள் உண்டு. பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தாலாவது கொடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும்.

மிச்சம் இருப்பது பில் சர்வீஸ் மட்டும். அதுவும் விழுந்தால் தானே எழுந்திருக்கும்படி அதன் யூனிட் கோப்பில், அதாவது சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டிக்கான குறிப்பில், ஒரு வரி எழுதிவிடலாம். விழாமல், பதில் சொல்லாமல் உறைந்து நிற்கும் நேரத்துக்குத்தான் ஒரு மனிதர் வேண்டும். அந்த ஒரு வேலைக்குத்தான் இனி வரும் ஒப்பீடு முழுவதும்.

சுடோ

1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. டாட் மில்லர் 1990களில் இருந்து அதைப் பராமரித்து வருகிறார். இவ்வளவு வயதானதால் எங்கும் கிடைக்கும், எந்தப் புத்தகத்திலும் இருக்கும், கடைக்கு அடுத்து வரும் ஆளுக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கடைசி காரணத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சுடோவின் விதிகள் இருக்கும் கோப்பு சுடோயர்ஸ். அதன் விதி ஒன்றில் நான்கு விஷயங்கள் இருக்கும்: யார், எந்தக் கணினியில், யாராக, எந்தக் கட்டளையை. நம் தேவைக்கு கவுண்டர் என்று ஒரு குழு உண்டாக்கி, அந்தக் குழு ரூட்டாக, சர்வீஸ்களைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை, ரீஸ்டார்ட் என்ற சொல்லோடும் பில் சர்வீஸின் பெயரோடும் மட்டும் இயக்கலாம் என்று ஒரே வரி. கட்டளைக்கு முழுப் பாதை கொடுக்க வேண்டும். பின்னால் வரும் சொற்களையும் எழுதிவிட்டால் அச்சு அசலாக அதே சொற்களோடு மட்டும்தான் ஓடும். எழுதாமல் விட்டால் எந்தச் சொல்லோடும் ஓடும். இந்த ஒரு விதியை மறந்ததில்தான் பல இடங்களில் கதவு திறந்து கிடக்கிறது. சிஸ்டம்சிடிஎல் என்று வெறுமனே அனுமதித்தால், புது சர்வீஸ் ஒன்றை எழுதி அதை ரூட்டாக ஓடவிட எடிட், ஸ்டார்ட் என்ற இரண்டு துணைக்கட்டளைகளே போதும்.

சரி, நிலைமையைப் பார்க்க ஸ்டேட்டஸ் துணைக்கட்டளையையாவது சேர்க்கலாமா? சேர்க்க வேண்டாம். அதன் வெளியீடு நீளமானால் லெஸ் என்ற பேஜரில், அதாவது பக்கம் பக்கமாகக் காட்டும் கருவியில், திறக்கும்; லெஸ்ஸுக்குள் ஓர் ஆச்சரியக்குறி தட்டினால் எந்தக் கட்டளையும் தட்டக்கூடிய ஷெல் கிடைக்கும், அதுவும் ரூட் ஷெல். சிஸ்டம்டியின் 247க்கு முந்தைய பதிப்புகளில் இதற்குத் தடுப்பு இல்லாததை 2023ல் ஒரு பாதுகாப்புக் குறையாகவே பதிவு செய்தார்கள். டெபியன் 12ல் தடுப்பு உண்டு. ஆனாலும் ஸ்டேட்டஸ் பார்க்க ரூட் அதிகாரமே தேவையில்லை, லாகை குழு வழியாக ஏற்கெனவே கொடுத்தாயிற்று. தேவையில்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

இதே கதைதான் விஐ, மேன், ஆக், ஃபைண்ட், டார் போன்றவற்றுக்கும். இவற்றுக்குள் இருந்தே வேறு கட்டளையை ஓட்டலாம். ஒரு கோப்பைத் திருத்த மட்டும் என்று சுடோவில் விஐ எடிட்டரை அனுமதிப்பது, மாடி அறைக்கு மட்டும் சாவி கொடுத்துவிட்டு, அந்த அறைக்குள்ளேயே வீட்டின் மொத்தச் சாவிக்கொத்தையும் தொங்கவிடுவது போல. கோப்பு திருத்தத்தான் வேண்டும் என்றால் சுடோஎடிட் இருக்கிறது: கோப்பின் நகலை எடுத்து, பயனரின் சொந்த அதிகாரத்தில் எடிட்டரைத் திறந்து, முடிந்ததும் திரும்ப எழுதும். அதிலும் 1.9.12 பி2க்கு முன்னால், எடிட்டரின் பெயரைச் சொல்லும் சூழல் மாறியில் கூடுதல் கோப்புப் பெயரைச் செருகி, அனுமதிக்காத கோப்பையும் திறக்க முடிந்தது. 2023ல் சரிசெய்தார்கள்.

நட்சத்திரக்குறி இன்னொரு வம்பு. லாக் அடைவில் உள்ள எதையும் கேட் கட்டளையால் படிக்கலாம் என்று பாதையின் முடிவில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். சுடோ அந்த நட்சத்திரத்தில் இடைவெளியையும் சாய்கோட்டையும் சேர்த்தே ஏற்கும். ஆகவே முதலில் ஒரு லாக் கோப்பு, ஓர் இடைவெளி விட்டு ஷேடோ கோப்பு என்று கேட்டால், எல்லாருடைய பாஸ்வேர்டு ஹேஷும் திரையில். சுடோயர்ஸ் கையேடே இந்த உதாரணத்தைத்தான் காட்டுகிறது. 1.9.10 முதல், சொற்களின் வடிவத்தைத் துல்லியமாகச் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதலாம். அதைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு, அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதவும் தெரிந்திருக்கும், அதையே எழுதலாம்.

எல்லாம் செய்யலாம், ஷெல்லும் எஸ்யூவும் தவிர என்று விலக்குப் பட்டியல் போடுவது இன்னொரு பழக்கம். ஷெல்லை வேறு பெயரில் நகலெடுத்தால் அந்த விலக்கு செத்தது. அனுமதிப்பதை மட்டும் எழுத வேண்டும். விலக்கி எழுதுவது கண்துடைப்பு.

ஸ்கிரிப்ட் என்றதும் ஒரு விஷயம். பையனுக்காக எழுதும் ஸ்கிரிப்ட் ரூட்டுக்குச் சொந்தமாக, ரூட் மட்டுமே எழுதக்கூடிய அடைவில் இருக்க வேண்டும். பையனின் ஹோம் அடைவில் வைத்துவிட்டு அதற்கு சுடோ கொடுத்தால், அந்தக் கோப்பைத் திருத்தினால் முடிந்தது. பில் மென்பொருளுக்கும் இதே கணக்கு: சர்வீஸ் ரூட்டாக ஓடி, அதன் கோப்புகள் கவுண்டர் கணக்குக்குச் சொந்தமாக இருந்தால், ரீஸ்டார்ட் என்ற ஒரே ஒரு அனுமதியும் முழு ரூட் ஆகிவிடும். சர்வீஸுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து அதில் ஓட்ட வேண்டும். இயல்பாக ரூட்டுக்கு மட்டும் கிடைக்கும் 80ஆம் நெட்வொர்க் போர்ட் வேண்டும் என்பதற்காக மட்டும் ரூட்டாக ஓடுகிறதென்றால், அந்த ஒரு திறனை மட்டும் சிஸ்டம்டி யூனிட்டிலேயே கொடுக்கலாம்.

சுடோவுக்கு ஆதரவாக இரண்டு நடைமுறைக் குணங்கள். ஒன்று, சுடோயர்ஸைத் திருத்தும் விசுடோ: எழுதியதில் பிழை இருந்தால் சேமிக்கும் முன் சொல்லும். ரூட் கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் கணினியில் சுடோயர்ஸ் உடைந்தால் உள்ளே போக வழியில்லை என்பதால் இது சாதாரண வசதி இல்லை. இரண்டாவது, லாக்: யார், எந்த டெர்மினலில், எந்த அடைவில் இருந்து, எந்தக் கட்டளை என்று ஒவ்வொரு தடவையும் பதியும். ராத்திரி ரீஸ்டார்ட் செய்தது பையனா அக்காவா என்ற பஞ்சாயத்து வராது, இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால்.

அமைப்பதில் ஓர் எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். சுடோயர்ஸ்.டி அடைவில் தனிக் கோப்பாக விதி எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சுடோ அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். கவுண்டர் புள்ளி கான்ஃப் என்று பெயர் வைத்துவிட்டு விதி ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

பாஸ்வேர்டு ஒருமுறை கேட்டபின் எவ்வளவு நேரம் மறுபடி கேட்காமல் இருக்கும் என்பதும் கடைக்கு முக்கியம். சுடோவின் சொந்த இயல்புநிலை 5 நிமிடம். டெபியனிலும் உபுண்டுவிலும் 15. ஒரே திரையில் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கவுண்டரில் 15 நிமிடம் அதிகம். பூஜ்ஜியம் ஆக்கிவிடலாம். ரீஸ்டார்ட் போன்ற ஒரே ஒரு தீங்கற்ற கட்டளைக்கு பாஸ்வேர்டே கேட்காமல் விட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூட்ட நேரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

குறை? அது பெரியது, அதனால் குறைகளும் வருகின்றன. 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட குறை 2011ல் இருந்தே உள்ளே கிடந்தது. சுடோயர்ஸில் பெயரே இல்லாத உள்ளூர்ப் பயனரும் ரூட் ஆக முடிந்தது. 2025ல், வேர் அடைவை மாற்றி ஓட்டும் சீரூட் விருப்பத்தில் இன்னொன்று, 1.9.17 பி1ல் அடைத்தார்கள். அப்டேட் தானாக ஓடும் கணினியில் இவை ஒரு நாள் கவலை. ஓடாத கணினியில் எந்தக் கருவி இருந்தாலும் கவலைதான்.

ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய சுடோ-ஆர்எஸ்ஸை உபுண்டு 25.10 இயல்பாகவே தருகிறது. அதில் எனக்குப் பிடித்தது நினைவகப் பாதுகாப்பைவிட, கட்டளைக்குப் பின்வரும் சொற்களில் நட்சத்திரக்குறியை வேண்டுமென்றே ஏற்காமல் விட்டது. மேலே சொன்ன வம்பு அங்கே எழவே முடியாது.

டூஆஸ்

டெட் உனங்ஸ்ட் எழுதி, 2015 அக்டோபரில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 5.8ஆம் பதிப்பில் வந்தது. அதே பதிப்பில் சுடோ அடிப்படை அமைப்பிலிருந்து வெளியேறி, தேவைப்படுபவர்கள் நிறுவிக்கொள்ளும் பொதியானது. சுடோவின் விருப்பங்கள் ஒரு சின்ன அலுவலகத்துக்குத் தேவையானதைவிடப் பலமடங்கு, அந்தச் சிக்கலைச் சுமக்க வேண்டாம் என்பதே எண்ணம்.

விதி படிக்கவே சுகமாக இருக்கும்: அனுமதி, பாஸ்வேர்டு வேண்டாம், இந்தக் குழு, ரூட்டாக, இந்தக் கட்டளை, இந்தச் சொற்கள். நான்கு மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும். நட்சத்திரக்குறி என்ற விஷயமே இல்லை. ஆனால் சொற்களை எழுதாமல் விட்டால் எந்தச் சொல்லும் செல்லும் என்பது இங்கேயும் அப்படியே, விஐயைக் கொடுத்தால் ஷெல் கிடைக்கும் என்பதும் அப்படியே. நான் முதலில் சொன்ன வாதத்துக்கு இதுவே சாட்சி: கருவி மாறினாலும் ஓட்டை அதே இடத்தில்.

லினக்ஸில் ஓபன்டூஆஸ் என்ற வடிவம் கிடைக்கும். விசுடோ போல ஒன்று அதனுடன் வருவதில்லை. கோப்பைச் சோதிக்க சி விருப்பம் இருக்கிறது, அதை நாமாக ஓட்ட வேண்டும். கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் சேமித்தால் கோப்பில் பிழை என்று சொல்லி மொத்தமாக மறுத்துவிடும். ரூட் பூட்டிய கணினியில் இது நடந்தால் நாகர்கோவிலில் இருந்து வண்டியை எடுக்க வேண்டியதுதான். மாற்றும்போது இன்னொரு ரூட் அமர்வைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கணினி வாரியாக விதி எழுதும் வசதி இல்லை, திரையில் நடந்ததைப் பதிந்து வைக்கும் வசதி இல்லை.

ஆல்பைன் லினக்ஸ், ஓபன்பிஎஸ்டி ஃபயர்வால், அல்லது ஒருவரே பயன்படுத்தும் லேப்டாப், இங்கெல்லாம் நான் டூஆஸைத்தான் எடுப்பேன். கடைக்கு? சுடோ ஏற்கெனவே இருக்கும் டெபியனில், அடுத்து வருபவருக்குத் தெரியாத ஒன்றை நுழைக்க ஒரு வரி விதி போதிய காரணம் இல்லை.

போல்கிட், ரன்0

போல்கிட் வேறு விதமாக யோசிக்கிறது. சுடோவுக்குக் கட்டளையின் பாதையும் சொற்களும்தான் தெரியும். அந்தக் கட்டளை உள்ளே என்ன செய்கிறது என்பது தெரியாது. போல்கிட்டில் ஏற்கெனவே ரூட்டாக ஓடும் சர்வீஸ் ஒன்று, இந்த ஆள் இந்தச் செயலைக் கேட்கிறார், செய்யலாமா என்று விசாரிக்கும். பையன் சுடோ என்று எதுவும் தட்டாமல் நேரடியாக ரீஸ்டார்ட் கேட்கலாம். விதி சரி என்றால் நடக்கும். பேஜர் இல்லை, ஷெல் இல்லை, ரூட்டாக ஓடும் எதுவும் அவன் கையில் இல்லை. கொள்கை அளவில் இதுதான் சுத்தமான வழி.

இன்னொரு நல்ல குணம்: கணினியின் முன்னால் நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் என்று விதிக்கலாம். கடையில் இருக்கும்போது ரீஸ்டார்ட் செய்யலாம், வீட்டில் இருந்து எஸ்எஸ்எச் வழியாக முடியாது. சுடோவில் இதை இவ்வளவு நேராகச் சொல்ல முடியாது.

ஆனால் விதியை ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும். சர்வீஸின் பெயரையும் ரீஸ்டார்ட் என்ற வினையையும் குழுவையும் மூன்றையும் சோதிக்க வேண்டும். பெயரைச் சோதிக்க மறந்தால் எல்லா சர்வீஸையும் கொடுத்ததாகும். டெபியன் 11 வரை இருந்த பழைய 0.105 பதிப்பில் சர்வீஸ் பெயர் வாரியாகப் பிரிக்கவே முடியாது. 12ல்தான் ஜாவாஸ்கிரிப்ட் விதிகள் வந்தன. பழைய கணினியில் இந்த வழி அடைபட்டது என்றே கொள்ளலாம். போல்கிட்டோடு வரும், கட்டளையை ரூட்டாக ஓட்டும் பிகேஎக்ஸெக் கருவியில் 2009ல் அதன் முதல் பதிப்பிலிருந்தே கிடந்த ஒரு குறை 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது. சுடோவுக்கு மட்டும்தான் அந்தத் தலைவிதி என்று நினைக்க வேண்டாம்.

ரன்0, 2024ல் சிஸ்டம்டி 256ல் வந்தது. செட்யூஐடி பிட் இல்லாமல் ரூட்டாக ஓட்டுகிறது, டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக்கி நினைவூட்டுகிறது. நிர்வாகிக்கு நல்லது. இந்த ஆளுக்கு இந்த ஒரு கட்டளை மட்டும் என்று குறுக்க அது செய்யப்பட்டதில்லை. நம் கேள்விக்கு வெளியே.

மிச்ச வழிகள்

நாமே ஒரு செட்யூஐடி புரோகிராம் எழுதுவது: வேண்டாம். டென்னிஸ் ரிச்சி 1979ல் காப்புரிமை பெற்ற யோசனை அது, சுடோவே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அதைப் பாதுகாப்பாக எழுதுவது கடைக்காரர் வேலை இல்லை. ஸ்கிரிப்டுக்கு அந்தப் பிட்டைப் போட்டாலும் லினக்ஸ் கண்டுகொள்ளாது. ரூட் அதிகாரத்தின் தனித்தனித் துண்டுகளான கேப்பபிலிட்டிகளைத் தனிப் புரோகிராமுக்குக் கொடுக்கலாம், பைத்தான் போன்ற மொழிபெயர்ப்பிக்குக் கொடுக்கவே கூடாது. அதில் எழுதிய எல்லாப் புரோகிராமுக்கும் கொடுத்ததாகிவிடும்.

எஸ்எஸ்எச் சாவியோடு ஒரே கட்டளையைப் பிணைப்பது மட்டும் கவனிக்கத்தக்கது. மார்த்தாண்டத்தில் கிளை ஒன்று இருந்து, அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால், அந்தச் சாவியின் வரியில் ரெஸ்ட்ரிக்ட் என்பதையும் ஓட வேண்டிய கட்டளையையும் எழுதிவிடலாம். அந்தச் சாவியால் நுழைபவர் என்ன தட்டினாலும் அந்த ஒன்றுதான் ஓடும். ஷெல் கிடையாது, போர்ட் ஃபார்வர்டிங் கிடையாது. பறிப்பதற்கு ஒரு வரியை அழித்தால் போதும்.

டியூஷன் சென்டரில் கணக்கு மாறும்

கடையில் ஒரு கணினி. மார்த்தாண்டத்தில் ஓர் அறை நிறைய உபுண்டு வைத்திருக்கும் பயிற்சி மையத்தில் வேறு தேவை: பாஸ்வேர்டு மறந்த மாணவருக்கு ஆசிரியர் புதிது போட்டுத்தர வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், கேரளப் பள்ளிகளிலேயே உபுண்டுவில் படித்து வரும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு என்றால் சோதித்துப் பார்க்கும் ஆர்வமும் கூடுதலாக இருக்கும்.

பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையை சுடோவில் ஆசிரியருக்குக் கொடுப்பது முதல் எண்ணமாக வரும். பெயரே கொடுக்காமல் ஓட்டினால் அது ரூட்டின் பாஸ்வேர்டை மாற்றும். பெயர் கொடுத்தால் நிர்வாகியின் பெயரையும் கொடுக்கலாம். இதை விதிக்குள் அடைக்க முயல்வதைவிட, ஒரு பெயரை மட்டும் வாங்கி, அது மாணவர் குழுவில் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மட்டும் மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை ரூட்டுக்குச் சொந்தமாக வைத்து, அதற்கு மட்டும் சுடோ கொடுப்பது சரி. எல்லாக் கணினிக்கும் ஒரே சுடோயர்ஸ் கோப்பை அனுப்பிவிட்டு, கணினிப் பெயர் பகுதியை வைத்து இந்த ஆசிரியருக்கு இந்த அறை என்று பிரிக்கலாம். இங்கே டூஆஸ் பின்தங்குகிறது, பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை போல்கிட்டிடம் கேட்பதே இல்லை. சுடோதான்.

கடைக்கு என் முடிவு

பிரிண்டர், லாக், டிஸ்க் மூன்றும் குழுவும் எஃப்எஸ்டேபும். விழுந்தால் எழுவது சிஸ்டம்டி. உறைந்தால் ரீஸ்டார்ட்: சுடோவில் ஒரே வரி, முழுப் பாதை, முழுச் சொற்கள், கவுண்டர் குழுவுக்கு, பாஸ்வேர்டு கேட்காமல். டெஸ்க்டாப்பில் ஓர் ஐகானாக அதை வைத்துவிட்டால் அக்கா டெர்மினலையே பார்க்க வேண்டாம். டெபியன் 12ஆக இருப்பதால் போல்கிட்டும் முடியும்; கடைக்கு வெளியே இருந்து யாரும் ரீஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொன்னால் அதற்கு மாறுவேன், இல்லாவிட்டால் படிக்க எளிதான ஒரு வரியே இருக்கட்டும். ரூட் பாஸ்வேர்டை உறையில் ஒட்டி முதலாளியின் பீரோவில் வைக்கலாம். கணினி கிளம்பாமல் ரெஸ்க்யூ நிலையில் நிற்கும் நாளுக்கு அது வேண்டும்.

எழுதி முடித்ததும் பையனின் கணக்கில் சுடோ எல் (sudo -l) என்று ஓட்டி, அவனுக்கு என்னென்ன இருக்கிறது என்று சுடோவின் வாயாலேயே கேட்க வேண்டும். உபுண்டுவில் அமைத்த கணினி என்றால், முதலில் உண்டாக்கிய கணக்கு சுடோ குழுவிலேயே இருக்கும்; அந்தக் கணக்கையே கவுண்டருக்குக் கொடுத்திருந்தால் மேலே எழுதிய எல்லாம் வீண்.

அவனுக்கு விசா வந்த அன்று குழுவில் இருந்து பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு பழைய குழுக்களோடேயே தொடரும், அதனால் லாகின்சிடிஎல் கொண்டு அந்தப் பயனரின் அமர்வுகளை முடிக்க வேண்டும். கணக்கைப் பூட்டினாலும் எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யக்கூடும். அந்தச் சாவிகள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பையும் அகற்ற வேண்டும், கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்த நாளாக வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் அவன் பெயரில் ஏதாவது கிடந்தால் அதையும் பார்த்துவிட்டு, ராத்திரி பேக்கப் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றால் வேறு கணக்குக்கு மாற்றிய பிறகே அழிக்க வேண்டும்.